பெனிட்டாவின் கவுன்

தூத்துக்குடியில் ஹலீமா டீச்சரின் தையல் வகுப்பில் அத்தனை பேரும் பெண்கள். ஒரே ஒரு ஆண், சில்வெஸ்டர். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். டீச்சரைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஆனாலும் வகுப்புக்குள் வரும்போது செருப்போடு தன் சத்தத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார்.

மனைவி பெனிட்டா இறந்து மூன்று வருஷம். மகள் ஜோவிட்டாவுக்கு வருகிற ஞாயிறு புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பெண் பிள்ளைகள் வெள்ளைக் கவுன் போட்டு வரிசையில் நிற்பார்கள். அந்தக் கவுனைத் தாயே தைத்துப் போடுவது பெனிட்டா வீட்டு வழக்கம். தாய் இல்லாததால் தகப்பன் மிஷின் மிதிக்க வந்திருந்தார்.

மிதிக்கத் தெரிந்துவிட்டது. துணிதான் அமையவில்லை.

அன்றைக்கும் ஒரு பையோடு வந்து, துணிகளை எடுத்து மேஜைமேல் போட்டார். சாட்டின், ஆர்கன்சா, பூ போட்ட நெட். எல்லாம் வெள்ளை.

"டீச்சர், இதுல எது நல்லாருக்கும்?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

"அப்படிச் சொன்னா எப்படி டீச்சர்? நாளும் இல்ல, ராத்திரி தூக்கமும் இல்ல. ஆர்கன்சா கழுத்துல அறுக்கும்ங்காங்க. நெட்டு கொசுவலை மாதிரி இருக்கு. சாட்டினைத் தொட்டா வழுக்கிட்டு ஓடுது. தாயில்லாப் பிள்ளைக்கு எதையோ சுத்தி விட்டிருக்கான்னு ஒருத்தர் வாயில வந்துரக் கூடாது."

எத்தனையோ இன்ஜின்களைப் பிரித்து மாட்டிய கை, அந்தத் துணிகளை இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டிருந்தது. டீச்சருக்குப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

டீச்சர் சாட்டினை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"வெட்டுங்க."

"இதுதானா? முடிவு பண்ணிட்டீங்களா?"

"வெட்டுங்கண்ணே."

சில்வெஸ்டர், மகள் அளவுக்கு வெட்டி வைத்திருந்த பேப்பர் கட்டிங்கை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினார். கத்தரி கோட்டைவிட்டு ஒரு நூல்கூட விலகவில்லை.

"கை நடுங்கலையே?"

"இது கடைத் துணிதான டீச்சர். போனா இன்னொன்னு."

"பாப்பா எந்தத் துணி கேட்டா?"

சில்வெஸ்டர் பையின் அடியில் கைவிட்டு, பழைய போர்வையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பெனிட்டாவின் கல்யாணக் கவுன். அதுவும் வெள்ளை சாட்டின்.

"இதைத்தான் கேக்கா. இதைப் பிரிச்சு அவளுக்குத் தச்சுக் குடுக்கணுமாம். ஒருநாள் எடுத்துப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னா. தரையெல்லாம் இழுபடுது. சத்தம் போட்டுட்டேன். பெறகு அவ கேக்கவே இல்ல."

"பெறகு எதுக்கு கடை கடையா ஏறி இறங்குறீங்க?"

"பயமா இருக்கு டீச்சர்."

அவர் கவுனின் இடுப்புத் தையலை விரலால் தடவினார். உண்மையான கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"பிரிச்சு, சரிவரலன்னா, திரும்ப இதே மாதிரி தச்சிரலாம்லா?"

டீச்சர் சற்றுமுன் வெட்டிய சாட்டினில் மிஞ்சிய இரண்டு துண்டை எடுத்து, சேர்த்து ஒரு தையல் ஓட்டினார். உடனே அதைப் பிரித்தார். ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நூல் போன வழியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இது போகாதா?"

"பருத்தின்னா அலசுனா கொஞ்சம் மூடிக்கிடும். சாட்டின் காட்டிக் குடுத்துரும்."

"அப்ப ஒரு தடவை பிரிச்சா அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்."

சில்வெஸ்டர், யாரோ பிடுங்க வந்ததுபோல் கவுனை அள்ளிப் போர்வைக்குள் வைத்தார்.

"வேண்டாம் டீச்சர். இதுல அவ தோளு இருக்கு, இடுப்பு இருக்கு. எல்லாம் அப்படியே இருக்கு. பிரிச்சா வெறும் துணியாப் போயிரும். ஒரு தடவை அவளை மண்ணுக்குத் தூக்கிக் குடுத்தது போதும். நான் கடைத் துணியிலயே தச்சிருதேன்."

"சரி," என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை. இஞ்சு டேப்பை நீட்டினார். "கட்டி வைக்கதுக்கு முன்னால அதை ஒருதரம் அளந்து சொல்லுங்க."

"எதுக்கு?"

"அளவெடுக்கப் படிச்சீங்கள்லா?"

சில்வெஸ்டர் தயங்கித் தயங்கிக் கவுனை மேஜைமேல் விரித்தார். தோள் அளவு சொன்னார். மார்பளவு சொன்னார். இடுப்பை இரண்டு தரம் அளந்துவிட்டுச் சொன்னார். கடைசியாக உயரம். டீச்சர் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதினார். மற்றப் பெண்கள் மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இந்த அளவு கவுன் போட இப்ப உங்க வீட்டுல யாரு இருக்கா, அண்ணே?"