எழுந்திருக்க விடாத கேம்

கோபிசெட்டிபாளையத்தில் வீடியோ கேம் மெஷின் விற்கக் கடை போட்ட ஒரே ஆள் குழந்தைவேல். வாங்கியவர்தான் இன்னும் யாருமில்லை. ஆயுத பூஜைக்குள் ஒரு செட்டாவது விற்காவிட்டால் கடையைச் சாத்திவிட்டு மாமனாரின் கோழிப்பண்ணைக்குப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது.

பூஜையன்று சம்பூர்ணம்மா வந்தார், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கணவர் அவிநாசியப்பனோடு.

"இவரு ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறாருங்க. ஓடற மிக்ஸியைக் கழட்டறாரு. நல்லா உக்கார வெக்கற மாதிரி கேம் இருக்குதுங்களா?"

அதற்குள் அவிநாசியப்பன் கடை சுவிட்ச்போர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டுக் காட்டினால் தீர்ந்தது. ஆனால் காட்டுவதற்கென்று இருந்த ஒரே மெஷின் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொடலாம். நல்லவேளை, வாயைப் பூஜையில் வைக்கவில்லை.

"கனடாவுல இருபது வருஷம் கேம் கம்பெனில இருந்தவனுங்க நான்," என்று ஆரம்பித்தான் குழந்தைவேல். அங்கே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியதை ஊரில் சொல்லிக்கொள்வதில்லை. "படம் தெளிவா இருந்தா மட்டும் அது ஒசந்த கேம் ஆயிடாதுங்க. நாங்க ஒரு கேம்ல மழை வெச்சோம். மாடிவீட்டுக்காரம்மா காயப்போட்ட வத்தலை அள்ளிட்டு ஓடுச்சு."

"கனடாவுல வத்தலா?" பக்கத்துப் பஞ்சர் கடை நாச்சிமுத்து பொரி மென்றபடி கேட்டான்.

"யாழ்ப்பாணத்து அம்மா, மாப்ள. குறுக்க பேசாத. கேம் வந்த அன்னிக்கு டிவி இல்லாதவனும் மெஷினை வாங்கி மடில வெச்சுத் தடவிட்டு உக்காந்திருந்தான். எங்க தெருவுல ஒரு வீட்டுக்குத் திருடன் வந்தான். ஸ்க்ரீனைப் பாத்தான். பையைக் கீழ வெச்சுட்டு வீட்டுக்காரனோட உக்காந்துட்டான்."

"போலீஸ் வரலையா?"

"வந்தாங்க. இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாரு. 'இந்த ரவுண்டு முடியட்டும் சார்'னான் திருடன். அவரும் உக்காந்தாரு. தேடி வந்த ஜட்ஜும் உக்காந்தாரு. கோர்ட்டே அந்த சோபாலதான் நடந்துச்சு!"

"ஜட்ஜ் என்ன தண்டனை குடுத்தாரு?"

"திருடனை எந்திரிச்சுப் போகச் சொன்னாரு. கதறி அழுதுட்டான்."

"அடிச்சு விடு, சாட்சியா கேக்கப் போறோம்!"

"சாட்சி வேணுமா? கனடாவுல கோடைல ராத்திரி ஒம்பது மணிக்கும் வெளிச்சம் இருக்குதா இல்லையா? உம்பட மச்சான் அங்கதான இருக்கான், கேளு."

"இருக்குதுன்னுதான் சொன்னான்…"

"ஏன் இருக்குது? சூரியன் அந்த வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு நின்னுடுச்சு. எறங்க மனசே வரலை."

நாச்சிமுத்துவுக்குப் பொரி புரையேறியது. இதுதான் நேரம் என்று குழந்தைவேல் அலமாரியிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

சம்பூர்ணம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். அவிநாசியப்பன் ஸ்டூலில் அசையாமல் இருந்தார். கையில் எடுத்த பொரி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அப்பறம்? இன்ஸ்பெக்டர் ஜெயிச்சாருங்களா?" என்றார்.

சம்பூர்ணம்மா பெட்டியை மெல்ல அவன் பக்கமே தள்ளினார்.

"மெஷினெல்லாம் வேண்டாங்க தம்பி. நாளைல இருந்து காலைல டிபன் ஆனதும் நீங்களே வீட்டுக்கு வந்துருங்க. கரண்டாவது மிச்சமாகும்."