ஓங்கிலுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட களவா

தெற்குக் கடலில், பவளப்பாறைகளுக்கு நடுவே, ஒரு களவா மீன் வாழ்ந்தது. உடம்பு பெரிது, கண் பெரிது, அதிகாரம் அதைவிடப் பெரிது. பகல் முழுக்கப் பொந்துக்குள் தூங்கும்.

அங்கேயே ஓர் ஓங்கிலும் அதன் கன்றும் இருந்தன. ஓங்கில் என்றால் டால்பின்தான், குழந்தைகளே. நீந்தும்போதெல்லாம் அது 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பும்.

ஒரு நாள் களவா சீறியது. "என் தூக்கம் கெடுகிறது! இனி இங்கே யாரும் டிக் டிக் என்று சத்தம் போடக் கூடாது. மீறினால் பாறையை விட்டே துரத்திவிடுவேன்!"

"அண்ணே, அது வெறும் சத்தம் இல்லை," என்றது ஓங்கில். "என் நெற்றியிலிருந்து போகும் ஒலி, எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பி வரும். அதைத் தாடையால் கேட்டுத்தான் பாறை எது, மீன் எது என்று அறிகிறேன். வாயை மூடச் சொன்னால், என் கண்ணைக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்."

"தாடையால் கேட்கிறதாம்! எங்களுக்கெல்லாம் கண் இல்லையா?" என்று களவா சிரித்தது. சுற்றியிருந்த சிறு மீன்கள் தலையாட்டின. ஒன்றாவது "இது அநியாயம்" என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை.

சுறா வராத இடம் அது ஒன்றுதான். கன்றுக்காக ஓங்கில் ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, ஒலி எழுப்புவதை நிறுத்தியது.

மழைக்காலம் வந்தது. ஆற்று வெள்ளம் கலந்து கடல்நீர் செம்மண் நிறமானது. கூடவே வந்த கன்றைக் காணவில்லை. எவ்வளவு விழித்துப் பார்த்தும் ஓங்கிலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சட்டமாவது, மண்ணாங்கட்டியாவது!" என்று ஓங்கில் கொதித்தது. 'டிக் டிக் டிக்!'

ஒலி திரும்பி வந்தது. எதிரே ஒரு வலை. அதன் அடியில் ஈயக் குண்டுகள் வரிசையாகத் தொங்கின. வலைக்குச் சற்று முன்னால் கன்று தடுமாறிக்கொண்டிருந்தது. ஓங்கில் பாய்ந்துபோய் அதை முட்டித் திருப்பியது.

சத்தம் கேட்டுக் களவா பொந்திலிருந்து கிளம்பி வந்தது. "யாரடி அது, என் உத்தரவை மீறியது?"

"அண்ணே, நில்லுங்கள்! உங்களுக்கு நேரே வலை!"

"வாயை மூடு! இவ்வளவு பெரிய கண் வைத்திருக்கிறேன், எனக்கு ஒரு வலையும் தெரியவில்லையே!" என்று கத்திக்கொண்டே முன்னே பாய்ந்த களவா, வலையில் போய்ச் சிக்கிக்கொண்டது.

மீனவர்கள் இழுக்க, வலை களவாவோடு மேலே போயிற்று. சிறு மீன்கள் ஓங்கிலைச் சூழ்ந்துகொண்டன. "அக்கா, சத்தம் போடுங்கள்! எங்களுக்கு வழி காட்டுங்கள்!"

"காட்டுகிறேன். ஆனால் அன்று எல்லாரும் தலையாட்டினீர்களே, என் பிள்ளை அந்த வலையில் போயிருந்தால் உங்களில் யார் அதைத் திருப்பித் தந்திருப்பீர்கள்?" என்று ஓங்கில் கேட்டது.

பிறகு 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பியபடி கன்றோடு முன்னே நீந்தியது. சிறு மீன்கள் அதன் பின்னாலேயே போயின.

நீதி: பிறருக்குக் கண்ணாக இருப்பதை, தனக்குத் தொல்லை என்று பறிப்பது கொடுமை, அதற்குத் தலையாட்டுவதும் கொடுமையே.