எட்டு மூட்டை உப்பு

வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்கு எட்டாவது உப்பு மூட்டையையும் கொட்டி முடித்தார் சங்கரபாண்டியன். வயது ஐம்பத்தாறு. இடம், கானத்தூரில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் அவர் பராமரிக்கும் நீச்சல் குளம். பழைய தண்ணீரை முழுக்க இறைத்தாயிற்று. புதுத் தண்ணீர் நிரப்பி, குழாயில் உப்புக் கருவியையும் பொருத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை உப்பு கரைந்ததும் கருவியை ஓடவிட்டார். மிச்சமிருந்த குளோரின் டப்பாக்களை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அந்த ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

வீட்டுக்காரர் கமலவேணி. ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை ஆனவர். தரையில் நடந்தால் வலிக்கும், தண்ணீருக்குள் நடந்தால் வலிக்காது. தினமும் அரை மணி நேரம் குளத்தில் நடக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளத்தில் இறங்கினாலோ குளோரின் நெடியில் மூச்சிரைப்பு. ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

குளோரினை ஒழித்துவிட்டு உப்புக்கு மாறலாம் என்று சொன்னவர் சங்கரபாண்டியன்தான். "ஒரு சொட்டுகூட இருக்காதும்மா. என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கமலவேணி சரி என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளத்தைச் சோதித்துப் பார்க்க ரோஸ்லின் வந்தாள். தூத்துக்குடிக்காரி, முப்பத்தேழு வயது. ரசாயனம் படித்துவிட்டு, குளம் பராமரிப்பவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுப்பவள். அந்த வகுப்பில் தலை நரைத்த ஒரே மாணவர் சங்கரபாண்டியன். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"மொத உப்புக் குளம்! தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கே, அண்ணாச்சி."

"மோந்து பாருங்க டீச்சர். ஒரு வாடை இருக்கா?"

"இல்ல."

"பதினோரு வருஷமா அந்தச் சனியனைக் கையில தொட்டேன். நேத்தோட தலைமுழுகிட்டேன்."

ரோஸ்லின் பையைத் திறந்தாள். சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீரை மொண்டாள். மருந்துக் குப்பியிலிருந்து ஐந்து சொட்டு விட்டாள். தண்ணீர் மஞ்சளாக மாறியது.

சங்கரபாண்டியன் குழாயை அவள் கையிலிருந்து வாங்கி வெயிலில் பிடித்தார். மஞ்சள்தான். குளோரின் இருந்தால் வரும் மஞ்சள்.

"குழாயைக் கழுவலையா நீங்க?"

"கழுவியிருக்கு."

அவரே கழுவினார். அவரே மொண்டார். சொட்டுகளை வாய்விட்டு எண்ணி விட்டார். மறுபடியும் மஞ்சள்.

"யாரு போட்டது?"

"நீங்கதான்."

"டப்பாவே வீட்ல இல்ல டீச்சர்! நான் உப்புதான போட்டேன்?"

ரோஸ்லின் சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கி வந்தாள். குளத்துத் தண்ணீரை அதில் ஊற்றி, மூட்டையின் அடியில் ஒட்டியிருந்த உப்பை வழித்துப் போட்டுக் கலக்கினாள். பையிலிருந்து சதுர பேட்டரி ஒன்றையும் இருபக்கமும் சீவிய இரண்டு பென்சில்களையும் எடுத்தாள். பென்சில்களை ஒயரால் பேட்டரியோடு இணைத்துத் தண்ணீரில் நட்டாள். கரிமுனைகளில் குமிழிகள் கிளம்பின. இரண்டு நிமிடம் கழித்து டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சங்கரபாண்டியன் குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். நேற்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய நெடி.

"அந்தக் கருவிக்குள்ள இதுதான் நடக்குது. உப்புல இருந்து குளோரினைப் பிரிச்சுத் தண்ணில விடும்" என்றாள் ரோஸ்லின். "நீங்க வெளியில இருந்து கொண்டாந்து கொட்டுனதை இப்ப குளமே உண்டாக்கிக்கிடுது. அவ்வளவுதான்."

"இதை நீங்க சொல்லவே இல்லையே!"

"மூணாவது சனிக்கிழமை சொன்னேன். முன் வரிசைல இருந்து தலையாட்டுனீங்க."

அவருக்கு நினைவு வந்தது. தலையாட்டியது உண்மை. உப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் மனசுக்குள் டப்பாக்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை.

"எட்டு மணிக்கு அம்மா இறங்குவாங்க. பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்னைக் கேட்டா பண்ணுனீங்க?"

"டீச்சர், மறுபடி மூச்சு முட்டுனா?"

"இந்தத் தண்ணில முட்டாது. குளோரின் சரியான அளவுல இருக்கு. அளவா இருந்தா மூக்குக்குத் தெரியாது, நெஞ்சையும் பிடிக்காது."

சங்கரபாண்டியன் பெருமூச்சு விட்டார். "அப்ப போன வருஷம் கூடிப்போச்சு. அதான் அந்த நெடி."

ரோஸ்லின் பேட்டரியைப் பைக்குள் வைத்தாள். "போன வருஷம் நெடி அடிச்சப்ப என்ன செஞ்சீங்க?"

"பாதியாக் குறைச்சேன்."

"நெடி போச்சா?"

"போகலை. அதனால அதுலயும் பாதி."

"அம்மா எப்படி இறங்குவாங்க? குளிச்சிட்டா?"

"காலுக்குத் தைலம் தேய்ச்சுகிட்டு வருவாங்க. வைத்தியர் குடுத்தது. கழுவுனா மருந்து வீணாப் போயிடும்னு அப்படியே இறங்கிருவாங்க."

ரோஸ்லின் அவர் பக்கம் திரும்பினாள்.

"குளோரின் உடம்பு அழுக்கை எரிக்கும், அண்ணாச்சி. போட்டதுல முக்காவாசியைத் தைலமே தின்னுடும். மிச்சம் இருக்கிறது வியர்வையோட சேரும். முழுசா எரிக்க அதுக்குத் தெம்பு இருக்காது, அரைகுறையா நின்னுடும். அந்த அரைகுறைல இருந்துதான் நெடி கிளம்பும். மூச்சை முட்டுறது அதுதான்."

"கூடுனதால இல்லையா?"

"குறைஞ்சதால."

சங்கரபாண்டியன் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தார். கை தானாகக் கழுத்துத் துண்டைத் தேடியது. ஒவ்வொரு இருமலுக்கும் ஓடிவந்து குறைத்திருக்கிறார். இரவில் படுக்கப் போகும்போது, இன்றைக்கும் அந்தம்மாவுக்காகக் குறைத்தோம் என்று நினைத்துத் திருப்தியாகத் தூங்கியிருக்கிறார். இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்கு இளநீர் கொண்டுபோனார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கமலவேணி நர்ஸிடம் அவரைக் காட்டி, "இவர் இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்" என்றார். அவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கமலவேணி வந்தார். தைல வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"என்ன பாண்டியன், சாக்கு மேல சிம்மாசனமா?" ஆழமாக மூச்சை இழுத்தார். "அடடா! வாடையே இல்லையே! இத்தனை நாள் இந்த யோசனை உங்க மண்டையில எங்கே ஒளிஞ்சிருந்துது?"

சங்கரபாண்டியன் எழுந்தார். ரோஸ்லின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தண்ணி இப்ப நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இறங்கி நடக்கட்டுமே. சொல்லித்தான் ஆகணுமா?"

ரோஸ்லின் சோதனைக் குழாயையும் மருந்துக் குப்பியையும் அவர் கையில் வைத்தாள். பிறகு விலகி நின்றுகொண்டாள்.

அவர் மொண்டார். சொட்டுகளை விட்டு, மஞ்சளான குழாயைக் கமலவேணியிடம் காட்டினார்.

"இதுல குளோரின் இருக்கும்மா. நான் செஞ்ச சத்தியம் பொய்."

கமலவேணியின் சிரிப்பு உடனே போகவில்லை. ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"உப்புல இருந்தே அது வருது. எனக்குத் தெரியலை. இந்த அளவுல இருந்தா உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. போன வருஷம் பண்ணுனது..." அவர் குழாயைக் கீழே வைத்தார். "நீங்க இருமுறப்பல்லாம் நான் குறைச்சேன். குறைச்சதாலதான் நெடி. அதாலதான் உங்களுக்கு மூச்சு முட்டுச்சு. நான்தாம்மா."

கமலவேணி இரண்டு கைகளாலும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு நாள் ஆக்சிஜன்ல கிடந்தேன், பாண்டியன்."

"ஆமாம்மா."

"என்னைப் பார்க்க வந்தீங்களே. திரும்பிப் போய் என்ன பண்ணீங்க?"

"நீங்க வீட்டுக்கு வரப்போறீங்கன்னு... இன்னும் குறைச்சேன்."

கமலவேணியின் முகத்தில் கோபம் இல்லை. தெரியாத ஊரில் ரயிலை விட்டு இறங்கியவர்போல் குளத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். நடைவண்டியைத் திருப்ப வெகு நேரம் பிடித்தது. சங்கரபாண்டியன் உதவிக்கு ஓரடி வைத்தார். "வேண்டாம்" என்றார் கமலவேணி. உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் சத்தமும் கேட்டது.

தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"பாத்தீங்களா டீச்சர்?" சங்கரபாண்டியனின் குரல் உடைந்திருந்தது. "வாயை மூடிகிட்டு இருந்திருந்தா இந்நேரம் அவங்க தண்ணில நடந்துகிட்டிருப்பாங்க. உண்மையைச் சொன்னேன், காலே போச்சு. இனி அவங்க இந்தப் பக்கம் வரமாட்டாங்க. இதுக்கு என்ன மருந்து?"

"தைலத்தைக் கழுவிட்டு இறங்கணும்னு சொன்னீங்களா?"

"இல்ல. எப்படிச் சொல்றது? தப்பை அவங்க தலையில போடுற மாதிரி ஆயிடாதா? ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க."

ரோஸ்லின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இப்பவும் பாவம் பாத்துக் குறைச்சுட்டீங்க, அண்ணாச்சி. போய்க் கதவைத் தட்டுங்க."

சங்கரபாண்டியன் சாத்திய கதவை நோக்கி நடந்தார்.

மூன்று வாரம் கழித்து, 2022 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்குக் கமலவேணி சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து குளத்தில் இறங்கி இருபது நிமிடம் நடந்தார். அன்று தண்ணீரைச் சோதித்தவர், சங்கரபாண்டியனுக்குப் பதிலாக முந்தின வாரம் வேலைக்குச் சேர்ந்த வேறொருவர்.