மிளகு சாப்பிடவில்லை

"அம்மா, மிளகு நேத்துலேருந்து சாப்பிடலை."

சொன்னவள் செண்பகவடிவு. மலையடி மடத்தில் சமைக்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். அங்கே குருவாக இருக்கும் பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கும். இவள் அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

மிளகு எட்டு மாதப் பூனை. மடத்துச் சமையலறையிலேயே வளர்ந்தது.

"ஏன், என்னாச்சு?"

"குட்டி வந்திருக்கில்ல. அதான்."

குட்டியின் தாய் ரோட்டில் வண்டி ஏறிச் செத்துக் கிடந்தது. திருப்பி விட இடமில்லை. செண்பகவடிவுதான் குட்டியை முந்தானையில் பொதிந்து தூக்கி வந்தாள்.

"அதுக்குப் பேர் வெச்சாச்சா?"

"இல்லம்மா. பேர் வெச்சப்புறம் அனுப்பும்படி ஆயிட்டா?"

செண்பகவடிவு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பூனை வாசனையிலதான் ஆள் அடையாளம் பாக்கும்னு பால்காரர் சொன்னார். ரெண்டுக்கும் ஒரே வாசனை வரட்டும்னு குளிப்பாட்டிவிட்டேன்."

"எதைப் போட்டு?"

"சீயக்கா. தண்ணி வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

"சரிதான். இப்ப மிளகுக்குத் தான் யாருன்னே தெரிஞ்சிருக்காது."

செண்பகவடிவுக்கு அழுகை வந்துவிட்டது.

குரு எழுந்தார். குட்டியைச் சாமான் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிண்ணம், இந்தப் பக்கம் ஒரு கிண்ணம் வைத்தார். குட்டி படுத்திருந்த பழைய துணியை எடுத்து மிளகு படுக்கும் மூலையில் போட்டார்.

அரை மணி நேரத்தில் செண்பகவடிவு ஓடி வந்தாள்.

"துணியைப் பாத்துச் சீறுதும்மா!"

"துணி என்ன செஞ்சுது?"

"அது சும்மாதான் கிடக்கு."

"நல்ல துணி."

மறுநாள் காலை பால்காரர் வந்தார்.

"என்னக்கா, சம்பந்திங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

"வாயை மூடிக்கிட்டுப் பாலை ஊத்து" என்றாள்.

மூன்றாம் நாள் மிளகு கதவருகே வந்து சாப்பிட்டது. நான்காம் நாள் குரு, "இன்னைக்குக் கதவைத் திறங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

செண்பகவடிவு ஒரு கையில் துடைப்பம் எடுத்துக்கொண்டாள். மற்றொரு கையில் ஈரச் சாக்கு. காலால் கதவைத் தள்ளினாள்.

குட்டி ஓர் அடி எடுத்து வைத்தது.

"ஐயோ!"

மிளகு ஒரே தாவலில் பரணில் ஏறிக்கொண்டது. அன்று முழுக்க இறங்கவில்லை. குட்டியை மறுபடி அடைத்துவிட்டு, கீழே நின்று கெஞ்சினாள். மறுநாளும் இறங்கவில்லை.

"ரெண்டு நாளாச்சும்மா. எலும்பு தெரியுது. செத்துப் போயிடும். குட்டியை யாருக்காவது குடுத்துடுறேன்."

"முதல்ல கத்தினது யாரு?"

"மிளகு."

சற்று யோசித்தாள்.

"குட்டியோ?"

இன்னும் யோசித்தாள்.

"ஞாபகம் இல்லம்மா."

"நீங்க எப்பக்கா சாப்பிட்டீங்க?"

அதுவும் ஞாபகம் இல்லை.

குரு ஒரு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினார். அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். பரணும் சாமான் அறையும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

கதவு திறக்கும் சத்தம். கிண்ணங்களில் பால் ஊற்றும் சத்தம். பிறகு குருவும் தன் தட்டோடு வந்து, பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நீங்களாவது திரும்பி உக்காரக் கூடாதாம்மா?"

"எனக்கும் பசிக்குது."

தொப்பென்று ஏதோ குதித்தது.

அவளுடைய தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின.

ஒரு சீறல்.

"அம்மா, சீறுது."

"ஆமா."

அப்புறம் சத்தமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குட்டிக்கு ஒரு கைப்பிடிக் கழுத்து. மிளகுக்கு எப்பேர்ப்பட்ட நகம்! அவள் தலை மெல்லத் திரும்பியது.

குரு அவள் தட்டில் ஓர் அப்பளத்தை வைத்தார்.

தலை நின்றது.

பின்னால் பாலை நக்கும் சத்தம் கேட்டது.

மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு நாக்கு மாதிரியும் இருந்தது. இரண்டு மாதிரியும் இருந்தது.

"அம்மா... ஒன்னா, ரெண்டா?"

குரு பிசைந்துகொண்டே சொன்னார்.

"சோறு ஆறுதுக்கா."