கணிதகேசரியும் ஒரு பிடி புளியங்கொட்டையும்

கருங்குன்ற நாட்டு அரண்மனையில் வித்யாதரர் என்று ஒரு பண்டிதர் இருந்தார். ‘கணிதகேசரி’ என்று பட்டம் வேறு! எதையும் கணக்குப் போட்டுத்தான் முடிவு சொல்வார். போட்ட கணக்கைத் தனக்குள் வைத்துக்கொள்வாரா? மாட்டார். சங்கு ஊதச் சொல்லி, சபை நடுவே ராகம் போட்டுப் பாடினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அந்த நாட்டு எல்லையில் இரண்டு கணவாய்கள். கொள்ளைக்காரர்கள் அந்த வழியாகத்தான் அரண்மனை மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். காவலுக்கு இருந்ததோ ஒரே படை. அது ஒரு கணவாயை அடைக்கத்தான் போதும்.

“மேய்ச்சல், நிலவு, மேடு பள்ளம் எல்லாம் கூட்டிக் கழித்தாயிற்று. இம்முறை வடக்குக் கணவாய்தான்!” என்று முழங்குவார் பண்டிதர். படை வடக்கே போகும். மாடு தெற்கே போகும். அடுத்த முறை தெற்கு என்பார். மாடு வடக்கே போகும்.

“கணக்கு பொய்க்காது மன்னா. படைத்தலைவன் தூங்கியிருப்பான்” என்றார் கொஞ்சமும் கூசாமல்.

மன்னர் மருதவர்மருக்குக் கோபம் தலைக்கேறியது. படைத்தலைவன் மாடக்கண்ணுவின் தலையை வெட்டச் சொல்லிவிட்டார். அநியாயம்! பண்டிதர் சொன்ன இடத்தில் அவன் நின்றான். அதைத் தவிர அவன் என்ன செய்தான்?

சபையில் சாத்தப்பன் என்றொரு வாய்த்துடுக்குக்காரன் இருந்தான். அவன் எழுந்தான்.

“தலைக்கு என்ன அவசரம் மன்னா? அது எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் நான் பண்டிதரோடு ஒற்றையா இரட்டையா ஆட வேண்டும்.”

சபை கொல்லென்று சிரித்தது. சின்னப் பிள்ளைகள் ஆட்டம் அல்லவா! ஒரு சட்டி புளியங்கொட்டை வந்தது. சாத்தப்பன் எண்ணி எடுத்துக் கைக்குள் மறைத்தான். “போன தடவை ஒற்றை. இப்போது மாற்றியிருப்பாய். இரட்டை!” என்று அவன் முகத்தைப் பார்த்தே ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார் பண்டிதர். மீசையை முறுக்கிக்கொண்டார்.

பிறகு சாத்தப்பன் கண்ணை மூடி ஒரு பிடி அள்ளினான். “இப்போது சொல்லும்!”

பண்டிதர் அவனை உற்று உற்றுப் பார்த்தார். “எத்தனை எடுத்தாய் என்று உனக்கே தெரியாதே!”

“எனக்கே தெரியாததை என் மூஞ்சியில் எப்படி ஐயா படிப்பீர்?” என்ற சாத்தப்பன் மன்னரிடம் திரும்பினான். “மாடக்கண்ணு குதிரை ஏறிய பிறகு ஒரு பிடி அள்ளட்டும் மன்னா. ஒற்றை என்றால் வடக்கு, இரட்டை என்றால் தெற்கு. ஒரு மாதம் அவன் தலையை விட்டுவையுங்கள்.”

“புளியங்கொட்டை நாட்டை ஆளுவதா? வெட்கக்கேடு!” என்று குதித்தார் பண்டிதர். மன்னர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் தடவை படை ஒரு பக்கம், மாடு மறுபக்கம். பண்டிதருக்கு ஏக குஷி. அடுத்த தடவை கொள்ளைக்கூட்டம் வசமாக மாட்டியது. அதன் தலைவனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

“இத்தனை நாள் எப்படியடா தப்பினாய்?” என்றார் மன்னர்.

“சபை வாசலில் மோர் விற்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன் சாமி. இந்தப் பெரியவர் வடக்கு என்று பாடுவார். நான் தெற்கே போவேன். இப்போ யாரும் பாடவில்லை. எனக்குத் திக்குத் தெரியவில்லை.”

மன்னர் மாடக்கண்ணுவை மார்போடு அணைத்துக்கொண்டார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். பிறகு பண்டிதரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “ஏன் சாத்தப்பா, இவரைவிடப் புளியங்கொட்டைக்கா அறிவு அதிகம்?”

“அதற்கு அறிவே கிடையாது மன்னா. ஆனால் வாயும் கிடையாதே!”