அல்லிக்குளத்தில் அடிக்காத மணி

அல்லிக்குளத்தின் கரையில், மூங்கில் புதருக்கு அடியில், காந்தள் என்ற முள்ளம்பன்றி தன் மகள் தும்பையோடு வாழ்ந்து வந்தாள். அந்தக் காட்டில் வீட்டுக்கு வீடு டேப்லெட் வந்துவிட்ட காலம் அது. குட்டிகள் எல்லாம் ஆன்லைனில் கோடிங் கற்றுக்கொண்டிருந்தன.

தும்பைக்கும் கோடிங் என்றால் கொள்ளை ஆசை. எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதுதான் காந்தளின் குழப்பம்.

முதலில் தூக்கணாங்குருவி டீச்சரின் வகுப்பைத் திறந்து கொடுத்தாள். “உனக்கு என்ன செய்யணும்னு ஆசை?” என்று குருவி டீச்சர் கேட்டார்.

“தவளை குதிக்கணும்!” என்றாள் தும்பை.

டீச்சர் பாதி வழியைக் காட்டினார். மீதியை அவளிடமே விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் தும்பை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, இங்கே பாரு! என் தவளை பின்பக்கமாக் குதிக்குது!”

காந்தள் முகத்தைச் சுளித்தாள். “இவ்வளவு நேரம் உட்கார்ந்து கத்துக்கிட்டது இதுதானா?”

“ஏன் அப்படிக் குதிக்குதுன்னு கண்டுபிடிக்கப் போறேன்மா!”

“நேராக் குதிக்க வைக்கத் தெரியாத டீச்சர் என்ன டீச்சர்!” என்று சொல்லி, டேப்லெட்டை வாங்கி மூடிவிட்டாள் காந்தள்.

மறுநாள் குளத்தங்கரையில் மருதாணி என்ற புள்ளிமானைப் பார்த்தாள். மருதாணியின் மகன் துள்ளன் கழுத்தில் ஒரு மெடல் பளபளத்தது.

“இது எங்கே வாங்கினது?” என்று கேட்டாள் காந்தள்.

“வாங்கலக்கா, ஜெயிச்சான்! கிளி மாஸ்டரோட கோடிங் வகுப்பு. வாரம் தவறாம மெடல் வருது. நம்ம காட்டுல பாதிப் பேர் அங்கேதான் சேர்த்திருக்காங்க. நீங்க இன்னும் சேர்க்கலையா?”

அந்தக் கடைசிக் கேள்வி காந்தளைச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே கிளி மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினாள்.

“உங்க மகள் ஆப் செய்வா! உங்க மகள் ஆப் செய்வா!” என்றார் கிளி மாஸ்டர்.

என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று காந்தள் கேட்கவில்லை. மெடல் எப்போது வரும் என்றுதான் கேட்டாள்.

வகுப்பு தொடங்கியது. கிளி மாஸ்டர் ஒரு வரி சொல்வார். குட்டிகள் அதை அப்படியே அடிக்க வேண்டும். பிறகு அடுத்த வரி. எல்லா வரியும் முடிந்தால் திரையில் வாணவேடிக்கை தெரியும். ஒரு கிளி பறந்து வந்து கழுத்தில் மெடல் மாட்டிவிட்டுப் போகும்.

“இந்த வரி எதுக்கு மாஸ்டர்?” என்று தும்பை ஒரு தடவை கேட்டாள்.

“கேள்வியெல்லாம் கடைசியில! கேள்வியெல்லாம் கடைசியில!” என்றார் மாஸ்டர். வகுப்பு முடிந்ததும் திரை அணைந்துவிட்டது.

ஒரு நாள் காந்தள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். தும்பை அருகில் வந்து நின்றாள்.

“அம்மா, எனக்கு ஒண்ணுமே புரியலைம்மா.”

காந்தள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். “மெடல் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்ன?”

அதற்குப் பிறகு தும்பை புரியவில்லை என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

கோடை வந்தது. ஆறு வற்றியது. ஆற்றில் இருந்த முதலை ஒன்று நகர்ந்து நகர்ந்து வந்து அல்லிக்குளத்துக்குள் புகுந்துகொண்டது. விலங்குகள் எல்லாம் பயந்துபோய் ஆலமரத்தடியில் கூடின.

“தண்ணி குடிக்காம இருக்க முடியாது. நாம முறை போட்டுக் காவல் நிக்கணும்” என்றார் காட்டெருமை.

காந்தள் கூட்டத்தின் நடுவே வந்தாள். “காவல் எதுக்கு? என் மகள் கோடிங் போட்டு மணி செஞ்சு குடுப்பா! மரத்துல ஒரு கேமராவைக் கட்டினாப் போதும். முதலை வந்ததுமே மணி தானா அடிக்கும்!”

“அடேயப்பா!” என்றது கூட்டம். காந்தளின் முட்கள் பெருமையில் மயில்தோகை போல விரிந்தன.

தும்பை ஓடி வந்து அம்மாவை இடித்தாள். “அம்மா, எனக்கு அது செய்யத் தெரியாது!”

“இவளுக்கு எப்பவும் கூச்சம்!” என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள் காந்தள்.

வீட்டுக்கு வந்ததும் தும்பை அழுதாள். காந்தள் கிளி மாஸ்டரைக் கூப்பிட்டாள். மாஸ்டர் அந்த மாதிரி மணிக்குத் தயாராக இருந்த கோடிங் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“ஒரு ஆத்துக்காகச் செஞ்சது. அப்படியே அடிங்க! அப்படியே அடிங்க!”

தும்பை கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே அடித்தாள். முடித்துவிட்டு யோசித்தாள். “அம்மா, ஆத்துத் தண்ணி தெளிவா இருக்கும். நம்ம குளம் முழுக்க அல்லி இலை மூடியிருக்கே. இலைக்குக் கீழே வர்றது கேமராவுக்கு எப்படித் தெரியும்?”

“ஆறாவது, குளமாவது! தண்ணின்னா தண்ணிதான்! போய்ப் படு” என்றாள் காந்தள்.

கேமராவை மரத்தில் கட்டினார்கள். இலை இல்லாத ஓரத்தில் ஒரு மரக்கட்டையைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். மணி கணகணவென்று அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதுவரை முறை போட்டு நின்ற காவலும் அன்றோடு நின்றுபோனது.

சில நாள் கழித்து ஒரு காலை. துள்ளன் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டுத் திரும்பினான். அல்லி இலைகளுக்கு அடியில் முதலை வந்தது. மணி அடிக்கவில்லை. முதலை அவனுடைய பின்னங்காலைக் கவ்வியது.

“அம்மா!” என்ற அலறல் காடு முழுக்கக் கேட்டது. காட்டெருமை பாய்ந்து வந்து முதலையை முட்டித் தள்ளினார். துள்ளன் உயிர் பிழைத்தான். ஆனால் அந்தக் காலை அவனால் பிறகு தரையில் ஊன்றவே முடியவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. “மணி ஏன் அடிக்கல?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் காந்தளையும் தும்பையையும் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை கண்களையும் பார்த்ததும் காந்தளுக்கு முகம் எரிந்தது. சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள்.

“கவனமாப் படி, கவனமாப் படின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! கேட்டியா நீ?” என்று கத்தினாள்.

தும்பை அழவில்லை. மெல்லத் திரும்பி, அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

எதிரியைக் கண்டால்தான் முள்ளம்பன்றி அப்படி நிற்கும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

காந்தளின் முட்கள் தொய்ந்து உடம்போடு படிந்தன. எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மண்ணைப் பார்த்தபடியே பேசினாள்.

“அவ மேல தப்பில்லை. தெரியாதுன்னு உங்க எல்லார் முன்னாடியும் சொன்னா. நான்தான் கூச்சம்னு சொல்லிச் சிரிச்சேன். இலை மறைக்கும்னு சொன்னா. போய்ப் படுன்னு சொன்னேன். இப்பவும் என் மானத்தைக் காப்பாத்திக்க அவளைத் திட்டினேன்.”

மருதாணி மகனின் காலை நக்கிக்கொண்டிருந்தாள். “என் பிள்ளை இனி எப்படிக்கா ஓடுவான்?” என்று மட்டும் கேட்டாள்.

கிளி மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் சொன்னதைத் தப்பில்லாம அடிச்சா! தப்பில்லாம அடிச்சா! அதுக்குத்தானே மெடல்!” என்றார் அவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

விலங்குகள் மறுபடி முறை போட்டுக் காவல் நின்றன. மழை வந்து ஆறு நிரம்பியதும் முதலை போய்விட்டது. துள்ளனுக்காகக் காந்தள் தினமும் இளம்புல் கொண்டுபோய் வைத்தாள். மருதாணி வாங்கிக்கொள்வாள். பேசமாட்டாள். வீட்டில் தும்பையும் பேசவில்லை. டேப்லெட்டைத் தொடவும் இல்லை. தொடு என்று சொல்லக் காந்தளுக்கு வாய் வரவில்லை.

ஒரு மாலை காந்தள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“புரியலைன்னு நீ வந்து சொன்னியே, அப்போ நான் உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. என்னை மன்னிச்சிடும்மா.”

தும்பை கீழே கிடந்த மூங்கில் இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பிறகு, “அந்த வகுப்பு வேண்டாம்மா” என்றாள்.

“வேண்டாம்.”

“துள்ளனைப் பார்க்கணும். ஆனா பயமா இருக்கு. திட்டுவான்.”

“நான் முன்னாடி நிக்கிறேன். அது எனக்கு வர வேண்டிய திட்டு” என்றாள் காந்தள்.

இருவரும் போனார்கள். துள்ளன் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தான். அவன் திட்டவில்லை. தும்பையை அருகில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான்.

“எனக்கும் அந்த வகுப்புல ஒண்ணுமே புரியலை, தும்பை. சொன்னா அம்மாவுக்குச் சந்தோஷம் போயிடும்னு சொல்லலை.”

பின்னால் நின்ற இரண்டு அம்மாக்களின் காதிலும் அது விழுந்தது. மருதாணி தலையைக் குனிந்துகொண்டாள். காந்தள் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தாள்.

பிள்ளைக்கு ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, ஊர் மெச்ச அது எதைக் காட்டும் என்று பார்க்காமல், பிள்ளைக்கு அங்கே என்ன புரிகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.