வாயைத் திறக்காத தலைவர்

"இந்த நகரத்தை நம்பினா நாடு மாறாது, மேரியம்மா."

வக்கீல் குலசேகரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தவர். அதற்குப் பிறகுதான், அரசியல் கற்றுக்கொள்ள முன்னாள் கவுன்சிலர் சகாயமேரியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

"படிச்சவன் ஓட்டுப் போடவே வரமாட்டேங்கிறான். வர்றவன் தண்ணி, குப்பைன்னே பேசுறான். நாட்டைப் பத்தி எப்பதான் பேசுறது?"

"சாயங்காலம் வார்டு கூட்டம். நீங்க தலைமை தாங்குங்க."

"அரசியல் சட்டம் பத்திப் பேசட்டுமா?"

"வாயைத் திறக்காம தலைமை தாங்குங்க."

கூட்டத்தில் இரண்டு கட்சி. மழை பெய்தால் அடுக்குமாடிக்காரர்கள் தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருவில் தள்ளுவார்கள். அது பின்தெரு ஓட்டு வீடுகளுக்குள் புகும். போன மழையில் ஜரீனாவின் தையல் மெஷின் மூழ்கிப்போயிருந்தது.

"உங்க காரு நனையக் கூடாது. என் மெஷின் நனையலாமா?" என்றார் ஜரீனா.

"அதுக்காகத் தண்ணிய நாங்க குடிக்கவா முடியும்?" என்றார் அடுக்குமாடிச் செயலாளர் வரதன்.

ஒரே கத்தல். நடுவில் நாய்த் தொல்லை வந்தது. யாரோ காணாமல் போன செருப்பைப் பற்றி ஆரம்பித்தார்.

குலசேகரன், "சட்டப்படி பார்த்தா..." என்று எழுந்தார். சகாயமேரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மறுபடி எழுந்தார். மறுபடி இழுத்தார்.

கத்திக் கத்தி வரதனுக்குத் தொண்டை கட்டியது. குரலைத் தாழ்த்தி ஜரீனாவிடம் பேசினார்.

"பழைய கால்வாய் ஒண்ணு எங்க கார் நிறுத்துற இடத்துக்கு அடியில இருக்கு. மேல சிமெண்ட் போட்டது நாங்கதான். உடைச்சுத் திறந்தா, உங்க பக்கம் தண்ணி போக வழி இருக்கா?"

ஜரீனா வரதனை நேராகப் பார்த்தார்.

"இல்ல. அது மேல கடை போட்டிருக்கோம். என் கடையும்தான்."

ஜரீனா ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான் நகர்த்திக்கிறேன். மத்தவங்ககிட்டயும் பேசுறேன். ஆனா நீங்க முதல்ல உடைக்கணும்."

"ஞாயித்துக்கிழமை உடைக்கிறோம்."

சம்மதிக்கிறவர்களைச் சகாயமேரி கை தூக்கச் சொன்னார். சிலர் முணுமுணுத்தபடி வெளியேறினார்கள். மற்றவர்கள் தூக்கினார்கள்.

குலசேகரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு சாக்கடைக்கு ஒரு சாயங்காலமே போச்சு! இதுல நாடு எப்பம்மா வரும்?"

சகாயமேரிக்குப் பொறுமை போய்விட்டது. வாசல் பக்கம் கையை நீட்டினார். ஜரீனாவும் வரதனும் இன்னும் வாதாடிக்கொண்டே படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணத் திறந்து பாருங்க, வக்கீல் சார். வந்துட்டு இப்பதான் போகுது."